சூடேறும் டர்போ கார்: பட்டறைக்கு வரும் தம்பிகளுக்கு

வீரகேரளம்புதூர், சுரண்டை வட்டாரத்தில் வேலை பழக வரும் பிள்ளைகள், வண்டி சூடாகிறது என்றதும் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பானட்டைத் திறக்கும் முன் வண்டிக்காரரிடம் கேளுங்கள்: எந்த இடத்தில் சூடானது? நம் பக்கத்து ரோடே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்குப் போகும் வரிசையில் ஊர்ந்தபோது சூடு காட்டும் முள் ஏறி, தென்காசி தாண்டி வேகம் பிடித்ததும் இறங்கியதா? அப்படியானால் ஃபேனைப் பாருங்கள். ஊர்ந்து போகிற வண்டிக்குக் காற்று கொடுப்பது அது ஒன்றுதான். ஏ.சி. போட்டும் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். சமதளத்தில் நன்றாக ஓடி, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு புளியரை ஏற்றத்தில் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்), டர்போ ஆகிய மூன்றில் ஒன்று. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே சூடானால் கூலண்ட் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது.

2. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். சும்மா தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் பிடித்து வைத்தால் 120 வரை தாங்கும். மூடியைத் திருகிய நொடியில் அந்த அழுத்தம் போய், உள்ளே இருப்பது கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும் தம்பி, விளையாட்டில்லை. அதே மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் கூலண்ட் சீக்கிரமே கொதித்துவிடும். ஆகவே எதைக் கழற்றும் முன்னும் மூடியைப் பிரஷர் கேஜ் போட்டுச் சோதியுங்கள்.

3. டர்போ வண்டியின் முன்பக்கத்தைத் தனியாகப் பழகுங்கள். பல வண்டிகளில் ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும். நடுச் சந்தில் பூச்சியும் புழுதியும் வைக்கோல் தூசியும் அப்பியிருக்கும். என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் ஃபின் மடங்கிப் புது அடைப்பு ஆகிவிடும்.

4. கூலண்ட் குறைகிறது, கீழே சொட்டு இல்லை. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். டர்போவைச் சுழற்றுவது புகைவாயு; பாரம் இழுக்கும்போது டீசல் வண்டியில் அதன் சூடு 700 டிகிரியைத் தாண்டும். அதனால் டர்போவுக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வாஷரில் கசிந்தால், சொட்டு தரைக்கு வருமுன்பே காய்ந்துவிடும். கூலண்ட் நிறத்தில் ஒரு கறை மட்டும் மிஞ்சும். டார்ச் அடித்து அந்தக் கறையைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் டீசல் வண்டியில் இ.ஜி.ஆர். கூலரைக் கழற்றிப் பிரஷர் கொடுத்துப் பாருங்கள்; அது உள்ளுக்குள் ஓட்டையானால் கூலண்ட் புகையோடு போய்விடும்.

ஹெட் கேஸ்கெட்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வருகிறதா, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தால் சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாகிறதா என்று பாருங்கள். ஆயில் மூடிக்கடியில் வெள்ளை படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். சாரல் காலத்தில் கடைத்தெருவுக்கு மட்டும் போய்வரும் வண்டியில் ஈரத்தாலேயே அது படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல இருந்தால்தான் கவலை. ஒரு குடும்பத்தின் சேமிப்பே கரைகிற செலவு அது; உறுதியாகத் தெரியாமல் சொல்வது பாவம்.

5. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வேரோடியிருக்கிறது. விட்டுவிடுங்கள். சில என்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிச்சுற்றி வரும். ஏற்றத்தில் சூடு இன்னும் கூடும்.

6. முள்ளை முழுக்க நம்பாதீர்கள். 80 ஆனாலும் 100 ஆனாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். கூலண்ட் வற்றிப்போனால் சென்சார் வெறும் காற்றில் நின்று சூட்டைக் குறைத்தும் காட்டும். ஸ்கேனர் போட்டு எண்ணைப் பாருங்கள்.

7. இழுவை கூட வேண்டும் என்று ஈ.சி.யூ.வை மாற்றி எழுதிய வண்டியா என்று கேளுங்கள். கூடுதல் டீசல் ஊற்றினால் கூடுதல் சூடு வரத்தான் செய்யும். டர்போவும் சூடும் ஆரம்பத்திலிருந்தே பகை. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ காரில், என்ஜின் தட்டாமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்கில் வைத்தார்கள். அதை நிரப்ப உரிமையாளர்கள் மறந்தார்கள். 1963-ஓடு அந்தக் கார் நின்றுபோனது. ஈ.சி.யூ.வைத் தொடாத வண்டியிலும், இன்டர்கூலர் ஹோஸில் காற்று கசிந்தால் கரும்புகையும் சூடும் வரும்.

8. போர் தண்ணீர் வேண்டாம். உப்பு ரேடியேட்டர் குழாயில் படியும், அலுமினியத்தை அரிக்கும். கம்பெனி சொன்ன கூலண்ட், டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான். ஊற்றியபின் ஹீட்டரைத் திறந்துவைத்து ஏர்லாக் எடுங்கள்.

9. மலைப்பாதையிலிருந்து வண்டிக்காரர் போன் செய்தால், ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓரங்கட்டச் சொல்லுங்கள். ஆவி வரவில்லை, முள்ளும் இறங்குகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். டர்போவுக்கு ஆயில் ஓட்டம் வேண்டும். ஆவி வந்தாலோ சிவப்பு விளக்கு எரிந்தாலோ டர்போவைப் பற்றி யோசிக்காமல் உடனே அணைக்கச் சொல்லுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும். பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் வெடிக்கும். பிள்ளைகள் வண்டியில் இருந்தால், லாரி வராத பக்கம் இறக்கி நிற்கவைக்கச் சொல்லிவிட்டு, டோவிங் வண்டியை நீங்களே அனுப்புங்கள்.