காலநிலை மாற்றம்: சர்வதேச உடன்பாடு ஏன் கடினமாகின்றது?

காபனீரொட்சைட்டு முதலிய பச்சைவீட்டு வாயுக்கள் எந்த நாட்டிலிருந்து வெளியேறினாலும் வளிமண்டலம் முழுவதிலும் கலக்கின்றன. ஆகவே ஒரு நாடு மாத்திரம் அவற்றைக் குறைப்பதால் புவி வெப்பமடைதலைத் தடுக்க முடியாது. ஏனைய நாடுகளும் இணங்க வேண்டும். ஆயினும் இறைமையுள்ள ஒரு நாட்டை வற்புறுத்தி இணங்கச் செய்ய எவராலும் இயலாது. கியோட்டோ உடன்படிக்கையின் வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது.

பின்னணி

1992 இல் றியோ டி ஜெனீரோ மாநாட்டில் காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் நாடுகள் கைச்சாத்திட்டன. 1997 இல் யப்பானின் கியோட்டோ நகரில் கட்டாய இலக்கு வகுக்கப்பட்டது. அதன்படி கைத்தொழில் நாடுகள் 2008 - 2012 காலப்பகுதியில் தமது மொத்த வெளியேற்றத்தை 1990 ஆம் ஆண்டு மட்டத்திலிருந்து குறைந்தது 5% ஆல் குறைத்தல் வேண்டும்.

எதிர்நோக்கிய தடைகள்

1. பொறுப்பைப் பங்கிடல்: நீண்டகாலமாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து வளர்ந்த நாடுகளே முதலில் குறைக்க வேண்டும் என அபிவிருத்தியடைந்து வரும் நாடுகள் கூறின. சீனா, இந்தியா போன்ற நாடுகளுக்கும் கட்டுப்பாடு தேவை என ஐக்கிய அமெரிக்கா வாதிட்டது.

2. பொருளாதார நலன்: தனது பொருளாதாரம் பாதிக்கப்படும் எனக் கூறி ஐக்கிய அமெரிக்கா 2001 இல் உடன்படிக்கையை நிராகரித்தது.

3. நடைமுறைக்கு வருவதற்கான நிபந்தனை: 55 நாடுகள் ஏற்புறுதி செய்வதுடன், கைத்தொழில் நாடுகளது 1990 ஆம் ஆண்டுக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 55% ஆவது அவற்றுள் அடங்க வேண்டும். சுமார் 36% பங்குடைய ஐக்கிய அமெரிக்கா விலகி நின்றதால், சுமார் 17% பங்குடைய ரஷ்யாவின் இணக்கம் இன்றியமையாததாயிற்று. ரஷ்யா 2004 இல் ஏற்புறுதி செய்தபின், 2005 பெப்ரவரி 16 இல் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

4. விலகும் உரிமை: 2011 இல் கனடா விலகுவதாக அறிவித்தது.

பாரிஸ் உடன்படிக்கை (2015)

இதில் ஒவ்வொரு நாடும் தனது இலக்கைத் தானே தீர்மானிக்கின்றது. இதனால் ஏறத்தாழ எல்லா நாடுகளும் இணைந்தன. எனினும் அவ்விலக்கை அடையாத நாட்டுக்குத் தண்டனை இல்லை. ஐக்கிய அமெரிக்கா 2020 இல் விலகி, 2021 இல் மீண்டும் இணைந்து, 2025 இல் மறுபடியும் விலகுவதாக அறிவித்தது.

கவனிக்க: கியோட்டோ உடன்படிக்கையில் ஐக்கிய அமெரிக்கா கைச்சாத்திடவில்லை என எழுதுவது தவறாகும். அது 1998 இல் கைச்சாத்திட்டது. ஆனால் ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்யும் நாட்டையே உடன்படிக்கை கட்டுப்படுத்தும்.

மாதிரி வினா: கியோட்டோ, பாரிஸ் உடன்படிக்கைகளுக்கிடையிலான பிரதான வேறுபாட்டைக் குறிப்பிட்டு, அதன் விளைவை விளக்குக.

விடைக் குறிப்பு: கியோட்டோவில் கைத்தொழில் நாடுகளுக்குக் கட்டாய இலக்கு; பாரிஸில் சுயமாகத் தீர்மானிக்கும் இலக்கு. விதி இறுகும்போது நாடுகள் விலகுகின்றன. தளரும்போது இணைகின்றன, ஆனால் போதிய குறைப்பு உறுதியாவதில்லை.