எக்செல் போடுற பாலினாமியல் கோட்டை எதுவரைக்கும் நம்பலாம்?

தங்கம் விலை சார்ட்ல ஒரு வளைஞ்ச கோடு போட்டு, "அடுத்த வருஷம் விலை இதுதான்"னு சொல்ற படங்கள் வாட்ஸ்அப்ல நிறைய சுத்துது. அந்தக் கோட்டுக்குப் பேர் பாலினாமியல் ட்ரெண்ட்லைன். ஸ்கூல்ல படிச்ச பல்லுறுப்புக்கோவையேதான். அதை நம்பிப் பணம் போடுறதுக்கு முன்னாடி, விடை தெரிஞ்ச ஒரு கணக்குல அதைச் சோதிச்சுப் பாத்துடலாம்.

10 வருஷ பாண்டு, முகமதிப்பு 100 ரூபாய், வட்டி 7%. (அரசு பாண்டு ஆறு மாசத்துக்கு ஒருமுறை வட்டி தரும். கணக்கு சுலபமா இருக்க, வருஷத்துக்கு ஒருமுறைன்னு வச்சுக்குவோம்.) மார்க்கெட் வட்டி 6% ஆனா இதோட விலை 107.36, 7%னா 100, 8%னா 93.29.

எக்செல்ல ஒரு பத்தியில -1, 0, 1ன்னு போடுங்க. அதாவது 7%ல இருந்து எவ்வளவு தள்ளியிருக்கு. பக்கத்துல மூணு விலை. ஸ்கேட்டர் சார்ட் போட்டு, புள்ளி மேல ரைட் கிளிக், ஆட் ட்ரெண்ட்லைன், பாலினாமியல், ஆர்டர் 2. சமன்பாட்டைக் காட்டுற டிக்கையும் போடுங்க. லைன் சார்ட் வேண்டாம். அது நீங்க கொடுத்த எண்ணை விட்டுட்டு 1, 2, 3ன்னு எடுத்துக்கும். கிடைக்கிறது இது:

விலை = 100 − 7.035 × வ + 0.325 × வ²

இங்க 'வ' வட்டி வித்தியாசம். வட்டி அரை சதவீதம் ஏறினா? 10 லட்சத்துக்குச் சுமார் 34,360 ரூபாய் இறங்கும்னு இது சொல்லுது. முழுக் கணக்கு போட்டா 34,320. நாற்பது ரூபாய்தான் வித்தியாசம்!

அந்த 7.035ஐ கவனிங்க. கடன் ஃபண்ட் ஃபேக்ட்ஷீட்ல "மாடிஃபைட் டியூரேஷன்"னு ஒரு எண் இருக்கும். இந்த பாண்டுக்கு அது 7.02. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஃபண்டுல இருக்கிற ஒவ்வொரு பாண்டையும் தனித்தனியா கணக்குப் போடாமலே, வட்டி கொஞ்சம் மாறினா உங்க பணம் எவ்வளவு ஆடும்னு அந்த ஒரு எண்ணை வச்சே சொல்லிடலாம்.

இப்போ அதே சமன்பாட்டுல வட்டி 20%ன்னு போடுங்க. 63.47 வரும். நிஜ விலை 45.50. அதைவிடக் கூத்து, 17.8%க்கு மேல வட்டி ஏற ஏற பாண்டு விலையும் ஏறும்ங்குது! நாம கொடுத்தது 6ல இருந்து 8 வரைக்கும்தான். அதுக்கு வெளியில என்ன நடக்கும்னு அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

இத்தனைக்கும் பாண்டு விலைக்குப் பின்னாடி ஒரு ஃபார்முலா இருக்கு. தங்கத்துக்கு அதுவும் கிடையாது. 7 மாச விலைக்கு ஆர்டர் 6 போட்டா, கோடு 7 புள்ளி வழியாவும் கச்சிதமா போகும், ஆர்-ஸ்கொயர் 1 காட்டும். தங்கத்துக்குப் பதிலா உங்க வீட்டு கரண்ட் பில்லைக் கொடுத்தாலும் அப்படியேதான் காட்டும்.

எக்செல் இல்லாதவங்களுக்கு கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபீஸ் கால்க் ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு. பைதான் தெரிஞ்சா நம்பை-யோட பாலிஃபிட் போதும். எதுல போட்டாலும் தசம இடங்களைக் கூட்டி வச்சுக்குங்க. முக்கியமா, தேதியை அப்படியே கொடுத்தா, உள்ள அது 45,000 மாதிரி பெரிய எண்ணாப் போகும். சார்ட்ல சுருக்கிக் காட்டுற கெழுவை எடுத்துக் கணக்குப் போட்டா விடை எங்கேயோ போயிடும்.

அடுத்த தடவை யாராவது அந்தத் தங்கக் கோட்டை அனுப்பினா, கடைசி மூணு மாச விலையை அழிச்சுட்டு மறுபடி கோடு போடச் சொல்லுங்க. ஃபார்வர்ட்ல 3 கொடுத்தா, அழிச்ச மூணு மாசத்துக்கு அது என்ன விலை சொல்லுதுன்னு பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்.