இடிப்பதற்கு முன்

பொம்மனஹள்ளி

அன்புள்ள பாப்பா,

முல்லைப் பெரியாறு அணையை இடிக்க வேண்டும் என்று கேரளாவில் ஏன் சொல்கிறார்கள் எனக் கேட்டிருந்தாய். இங்கே எங்கள் மாடி வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர், கேரளாவில் அந்த அணைக்குக் கீழே ஆற்றோரம் இருக்கும் வண்டிப்பெரியாறு. மழை வலுத்தால் ஊருக்குப் போன் போட்டு, "எத்தனை அடி?" என்றுதான் முதலில் விசாரிப்பார். தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் நாமும் அதையேதான் கேட்கிறோம், போகத்துக்குத் தண்ணீர் வருமா என்று. அவர் கேட்பது உயிருக்கு.

ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த அணை. கருங்கல், சுண்ணாம்பு, சுர்க்கி எனும் செங்கல் தூள். வயதை நினைத்தால் யாருக்கும் கவலை வரும். 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்துவிட்டுப் பலப்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். அணையின் உச்சியிலிருந்து துளை போட்டு, அடிப்பாறைக்குள் இரும்புக் கம்பி வடங்களை இறக்கி, முறுக்கேற்றிப் பிணைத்தார்கள். பின்பக்கம் முட்டுக் கொடுத்தாற்போல் கான்கிரீட் எழுப்பினார்கள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி தேக்கலாம் என்றது.

வயதை மட்டும் வைத்து எடை போடாதே. எங்கள் கர்நாடகத் துங்கபத்ரா அணை 1953-ல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. 2024 ஆகஸ்ட் 10 இரவு ஒரு சங்கிலி அறுந்து 19-ஆம் மதகின் கதவையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தேக்கிய தண்ணீரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்ட பிறகுதான் அங்கே தற்காலிகத் தடுப்பை இறக்க முடிந்தது.

இடிப்பது நடக்காத காரியமல்ல. அமெரிக்காவின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். ஒன்று 210 அடி, நம் அணையைவிட உயரம். கீழேயுள்ள ஊருக்குச் சேற்றுத் தண்ணீர் போய்விடாதபடி சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டுத்தான் கைவைத்தார்கள். சால்மன் மீன்கள் திரும்பி வந்தன. ஆனால் அவை மின்சாரத்துக்கான அணைகள். நம் அணையைப் போல அவற்றை நம்பி ஐந்து மாவட்டம் இல்லை.

இங்கே தண்ணீர் 104 அடிக்கு மேல் நின்றால்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஏறி வைகைப் பக்கம் வரும். அணை போனால் தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை பாசனம் போச்சு. புதிய அணை கட்டலாம் என்கிறது கேரளா. இந்த அணை இருக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இன்னொரு அணையா?

இடிக்கக் கூடாது என்பதே என் கட்சி. அதற்காக, "அணை பலமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதும் சரியில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு 50 அடி மட்டத்தில் புதிய சுரங்கம் ஒன்றை யோசனையாகச் சொன்னது. அவசரத்தில் தண்ணீரை வேகமாக இறக்கலாம். நமக்கும் கூடுதலாக வரும். உங்கள் கல்லூரியில் இதைப் பேசு. இடிக்காதே என்று கோஷம் போடும்போதே, அந்தச் சுரங்கத்தைத் தோண்டு என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
சித்தப்பா