பழைய பாரவண்டியின் இஞ்சினை இறக்கும் முறை

சின்னாளபட்டிச் சேலை மூட்டைகளாயினும், ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் காய்கறிகளாயினும், நிலக்கோட்டைப் பூக்களாயினும், நமது திண்டுக்கல் சமவெளியில் விளைந்ததும் நெய்ததும் ஊர் சேர்வதற்குச் சிறு பாரவண்டிகள் பெருந்துணை புரிகின்றன. பிக்கப் என்று யாவரும் வழங்கும் இவ்வண்டிகளுள், ஜீப்பைத் தழுவி அமைந்த பழைய மகிந்திரா வகையும், 1988ஆம் ஆண்டு வெளிவந்த டாட்டா மொபைல் வகையும் நெடிது உழைத்தவை. பிஸ்டன் தேய்ந்து புகை மிகும்போது இஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப நேரிடும். அங்கத்தினர்கள் தாமே முன்னின்று செய்விக்கும் இவ்வேலையில் உயிருக்குத் தீங்கு நேராவண்ணம் காப்பது எங்ஙனம் என்பதே இம்மாதப் பாடம்.

போல்ட்டுகளைக் கழற்றுவது எளிது. கழன்ற பின் பாரத்தை எது தாங்கும் என்பதே முதற்கண் விடை காணவேண்டிய கேள்வி. நான்கு சிலிண்டர் டீசல் இஞ்சின், கியர்பாக்ஸ் நீங்கலாகவே ஏறத்தாழ 200 கிலோ நிறையுடையது. 1 மீட்டர் உயரத்திலிருந்து நழுவிய பொருள் அரை விநாடிக்குள் தரையை எட்டிவிடும். கையை இழுத்துக்கொள்ள அவகாசம் இராது. ஆதலால் வேப்பங்கிளையில் வடக்கயிற்றைக் கட்டி நாலுபேர் இழுக்கும் வழக்கத்தை அறவே விலக்கவேண்டும். கிளையின் உள்வலிமையை வெளியிலிருந்து அறிய இயலாது. அளவு பொறித்த இஞ்சின் கிரேனையோ, உறுதியான இரும்புச் சட்டத்தில் மாட்டிய செயின் பிளாக்கையோ கொள்வதே முறை.

இடமும் ஆயத்தமும்

கரிசலும் செம்மண்ணும் பாரத்தில் அமிழும். சமமான சிமென்டுத் தளத்திலேயே வேலையைத் தொடங்குக. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். வண்டியின் அடியில் நுழைய நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகளை நிறுத்துக.

இஞ்சின் முற்றிலும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும். சூடாயிருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பேட்டரியில், வண்டிச் சட்டத்தோடு இணைந்த எர்த் கம்பியை முதலில் கழற்றுக. மற்றதை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி எழக்கூடும். பின்னர் ரேடியேட்டர் நீரையும் இஞ்சின் ஆயிலையும் வடித்து, பானெட்டையும் ரேடியேட்டரையும் அகற்றுக.

பாவு புணைக்கையில் இழை மாறினால் நெசவு கெடும் என்பதை நெசவாளர் அறிவர். இங்கும் அவ்வாறே. ஒவ்வொரு கம்பிக்கும் குழாய்க்கும் எண்ணிட்ட சீட்டைக் கட்டி வைக்கவேண்டும். டீசல் குழாய்களின் வாயைத் தூசி புகாதபடி அடைத்தல் அவசியம்.

தூக்குதல்

தூக்குவதற்கென இஞ்சினிலேயே அமைந்த வளையங்களில் சங்கிலியை மாட்டுக. இரு சங்கிலிகளும் எவ்வளவு சாய்கின்றனவோ அவ்வளவு இழுவிசை மிகும். 240 கிலோ பாரத்தில், சங்கிலிகள் செங்குத்தாயின் ஒவ்வொன்றும் 120 கிலோ தாங்கும். தரைமட்டத்திற்கு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்தால் ஒவ்வொன்றும் முழு 240 கிலோவைத் தாங்கவேண்டும். கிரேனின் கையை நீட்டுந்தோறும் அதன் தாங்குதிறன் குறையும் என்பதையும் கருதி, கையில் பொறித்த அளவைப் பார்த்துக்கொள்க.

கியர்பாக்ஸை வண்டியிலேயே விடுவதாயின் அதற்குத் தனியே ஜாக்கியால் முட்டுக் கொடுக்கவேண்டும். கிரேன் பாரத்தைச் சற்றே ஏற்ற பிறகே, மவுண்டிங் போல்ட்டுகளையும் கியர்பாக்ஸை இணைக்கும் போல்ட்டுகளையும் கழற்றுக. இஞ்சினை நேராக முன்னோக்கி நகர்த்தி, கியர்பாக்ஸ் தண்டு முழுதும் விடுபட்ட பின் உயர்த்துக. இஞ்சின் அத்தண்டில் தொங்கினால் கிளச் தட்டு வளைந்துவிடும். எங்கேனும் தடைப்பட்டால் வலிந்து இழுக்காமல் நிறுத்தி, விடுபட்ட கம்பியோ போல்ட்டோ உளதா எனத் தேடவேண்டும்.

கட்டளையிடுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். தொங்கும் பாரத்தின் கீழ் எவரும் கையையோ காலையோ நீட்டலாகாது, சிறுவரை அண்டவிடலாகாது. இஞ்சின் வெளிவந்தவுடன் தரைக்கு அருகே தாழ்த்திய பின்னரே கிரேனை நகர்த்துக. இறக்கும்போது ஆயில் தொட்டியின்மேல் பாரம் விழாதபடி ஸ்டாண்டிலோ மரக்கட்டைகளின் மீதோ அமர்த்துக.

வடித்த நீரும் எண்ணெயும்

ரேடியேட்டரில் கலக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. ஆடுமாடுகளும் நாய்களும் குடித்தால் சிறுநீரகம் கெட்டு மடியும். திறந்த பாத்திரத்தில் விடாது, மூடிய கலனில் சேர்த்துவைக்கவேண்டும். பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், அதனைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஒருவர் தனித்து கிரேன் வாங்குவது எளிதன்று. ஆண்டில் ஒருமுறை பயன்படும் கருவிக்கு அது தகுந்த செலவுமன்று. சங்கத்தின் பெயரில் ஒன்றை வாங்கி, சங்கிலியையும் கொக்கியையும் ஒவ்வொரு முறையும் சோதித்து, அங்கத்தினர்க்குச் சிறு வாடகைக்கு அளிப்போமாயின், மரக்கிளையை நாடவேண்டிய நிலை எவருக்கும் வராது. தனியொருவரால் தாங்கவொண்ணாப் பாரத்தைப் பலர் கூடித் தாங்குவதற்கன்றோ நாம் சங்கம் அமைத்தோம்!