பழைய சொகுசு காரில் கடகட சத்தமா? வீட்டிலேயே சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மெர்சிடஸ் பென்ஸ் 1995-இல் புனேயில் டபிள்யூ124 இ-கிளாஸ் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 2007-இல் சிங்கப்பெருமாள்கோவில் அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தது. அங்கிருந்து 3 சீரிஸும் 5 சீரிஸும் வெளிவந்தன. அன்று பெருநகரத்துப் பணக்காரர்கள் மட்டும் வாங்கிய அந்த வண்டிகள், கைமாறிக் கைமாறி இன்று சிற்றூர் வாசல்களிலும் நிற்கின்றன. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஏசி குளிர்கிறது. ஆனால் தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டையிலிருந்து குச்சனூர் போய்த் திரும்புவதற்குள் டேஷ்போர்டு கடகடக்கிறது, கதவு நறநறக்கிறது, கூரைத் துணி தலையில் தொங்குகிறது.

இதற்காக வண்டியை விற்றுவிட வேண்டாம். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி மறைக்கவும் வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய் கிளிப்பிலும் துணி டேப்பிலும் தீர்ந்துவிடும். மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. எது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள்.

சத்தம் ஏன் வருகிறது?

கடகடப்பது என்றால் இரண்டு பாகங்கள் மோதுகின்றன. கிறீச்சிடுவது என்றால் இரண்டு பாகங்கள் உரசுகின்றன. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மோதுவதற்கு இடைவெளியை மூட வேண்டும், பிடிப்பை மீட்க வேண்டும். உரசுவதற்கு நடுவில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், அல்லது வழுக்கும்படி செய்ய வேண்டும்.

இடைவெளியை உண்டாக்குவது வெயில். நிழலில் 25 டிகிரியில் இருக்கும் டேஷ்போர்டு, வெயிலில் நிறுத்தினால் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்த 40 டிகிரி ஏற்றத்துக்கு, 1.4 மீட்டர் நீளமுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் தடையில்லாமல் இருந்தால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. தினமும் நடக்கும் இந்த இழுபறியில் கிளிப்புகள் தளர்கின்றன, திருகுத் துளைகள் அகல்கின்றன. பதினைந்து வருடத்தில் பிளாஸ்டிக்கின் நெகிழ்வும் போய்விடுகிறது. அதனால்தான் காலைக் குளிரில் வரும் சத்தம் மதியம் காணாமல் போகும், மதியம் வருவது காலையில் இருக்காது.

தேவையான பொருட்கள்

- நைலான் ட்ரிம் கருவி செட். இரும்பு ஸ்குரூடிரைவரால் நெம்பினால் தழும்பு விழும்.
- நட்சத்திரத் தலை பிட்டுகள். டி20, டி25, டி30 மூன்றும் இருந்தால் ஜெர்மன் கார்களின் உள்பக்கத் திருகுகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றலாம்.
- துணி டேப். வயர் கட்டுகளைச் சுற்றுவதற்கென்றே டெசா 51608 போன்ற பஞ்சுத்தன்மையுள்ள டேப் கிடைக்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் இதற்கு உதவாது. வெயிலில் பசை உருகி ஒழுகும்.
- ஒட்டும் ஃபெல்ட் துணி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமன்.
- ரப்பர் பீடிங்குக்கான சிலிக்கான் கிரீஸ்.
- உங்கள் மாடலுக்கான புதுக் கிளிப்புகள், ஒரு டஜனாவது.
- டார்ச், செல்போன், கழற்றிய திருகுகளைப் பிரித்து வைக்கச் சின்னக் கிண்ணங்கள்.

கிளிப்பை மட்டும் கண்மதிப்பில் வாங்காதீர்கள். சேஸி எண்ணைச் சொல்லிப் பாக எண்ணை வாங்கிக்கொண்டு, அதன்படி வாங்குங்கள். உடைந்த பெரிய பாகங்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைக்க வாய்ப்புண்டு.

படி 1: காரைக் காலி செய்யுங்கள்

கிளவ் பாக்ஸ், டோர் பாக்கெட், கண்ணாடி வைக்கும் பெட்டி, சீட்டுக்கு அடி, டிக்கி எல்லாவற்றையும் காலியாக்குங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட் அதனதன் இடத்தில் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்சீட்டில் யாரும் உட்காராதபோது சீட் பெல்ட் கொக்கி தூணில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

வயல்காட்டுப் பக்கம் நிறுத்தும் வண்டிக்கு இன்னொரு சோதனை உண்டு. ஏசி ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எலி கொண்டுவந்து போட்ட நெல்லும் தேங்காய்ச் சில்லும் புளோயர் பக்கம் உருண்டாலும் டேஷ்போர்டு சத்தம் போலவே கேட்கும். எலி இருந்த தடயம் தெரிந்தால், முதலில் வயர்களைச் சோதிக்க வேண்டும்.

படி 2: சத்தம் வெளியிலிருந்து வரவில்லையே?

உள்ளே கேட்கும் சத்தமெல்லாம் உள்ளே பிறந்ததல்ல. முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில், அல்லது எரிபொருள் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அந்தக் காலத்து 3 சீரிஸ், 5 சீரிஸ் பெரும்பாலும் ரன்-ஃபிளாட் டயரோடு வந்தவை. அந்த டயரின் பக்கச்சுவர் விறைப்பானது. காற்றும் கூடுதலாக இருந்தால் சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் நேராக டேஷ்போர்டுக்கு வரும்.

அடுத்து, வேகத்தடையில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது டொக் என்று கேட்டால் லிங்க் ராட், புஷ், ஷாக் அப்சார்பர் மவுண்ட் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வண்டி நிற்கும்போது இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஒரு தகரம் அதிர்ந்தால், அது சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடாக இருக்கலாம். இவற்றை முடிக்காமல் உள்பக்கத்தில் கை வைத்தால் நேரம் வீண்.

படி 3: ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்

இருவர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பக்கத்து சீட்டிலும் பிறகு பின்சீட்டிலும் உட்கார்ந்து, சந்தேகப்படும் பாகத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் சத்தம் நின்றால் இடம் கிடைத்துவிட்டது. ஓட்டுகிறவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

மூன்று விதமான சாலை தேவை. தேனிப் பக்கத்தில் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

- ஊர்ச் சாலையில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகம்: தளர்ந்த மூடி, கிளவ் பாக்ஸ், டோர் பேட் தெரியவரும்.
- தேசிய நெடுஞ்சாலை 183-இல் சீரான 60 முதல் 80 வேகம்: ஸ்பீக்கர் கிரில், ஏசி வென்ட் போன்றவற்றின் மெல்லிய அதிர்வு தெரியவரும்.
- சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகள்: வண்டியின் கூடு முறுக்கும்போது பீடிங்கும் சன்ரூஃபும் கிறீச்சிடும்.

காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை போங்கள். செல்போனில் பதிவு செய்து, எந்தப் பக்கம், எந்த வேகம், எந்த நேரம் என்று தாளில் குறியுங்கள். கதவில் பாட்டுக்கு மட்டும் அதிர்வு வந்தால், வண்டியை நிறுத்தி பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, ஒவ்வொரு இடமாக அழுத்திப் பாருங்கள்.

படி 4: பாதுகாப்பு

ஏர்பேக் உள்ள பாகத்தைத் தொடும் முன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, உரிமையாளர் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். கையேட்டில் இல்லையென்றால் அரை மணி நேரம் விடுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியது. அதைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பாதீர்கள், எச்சரிக்கை விளக்கு எரிந்து கோளாறு பதிவாகிவிடும்.

இ60 (5 சீரிஸ்), இ90 (3 சீரிஸ்) பிஎம்டபிள்யூக்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. இணைப்பை எடுத்தபின் டிக்கியைச் சாத்திவிடாதீர்கள். உலோகச் சாவி கையில் இருக்கட்டும். நெகட்டிவ் முனையில் உள்ள சென்சாரை நெம்பவும் கூடாது. பேட்டரியை மீண்டும் இணைத்த பிறகு கண்ணாடியும் சன்ரூஃபும் பழைய எல்லையை மறந்திருக்கலாம். கையேட்டில் உள்ளபடி பழக்கிவிடுங்கள்.

படி 5: டோர் பேட்

அதிகம் சத்தம் போடுவதும், தொடக்கக்காரர் துணிந்து கழற்றக்கூடியதும் இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

1. திருகுகளைத் தேடுங்கள். கைப்பிடிக் குழியிலும் திறப்புக் கைப்பிடிக்குப் பின்னாலும் சின்ன மூடிகளுக்குள் ஒளிந்திருக்கும். ஒரு திருகு மிச்சம் இருக்கும்போது இழுத்தால் பேட் கிழியும்.
2. கீழ் மூலையில் நைலான் கருவியை நுழைத்து, கிளிப்புக்கு மிக அருகில் நெம்புங்கள். கிளிப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் நெம்பினால் பேட் வளைந்து உடையும்.
3. எல்லாக் கிளிப்பும் விட்டதும் பேட்டை நேராக மேலே தூக்குங்கள். கண்ணாடி ஓரத்தில் கொக்கியில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் விடுபடும்.
4. பேட்டைத் தொங்கவிடாதீர்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, கைப்பிடிக் கேபிளையும் வயர் கனெக்டர்களையும் கழற்றுங்கள். முன்னதாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேட்டைத் திருப்பிப் பாருங்கள். கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. உடைந்த கிளிப்புகளின் தலை கதவுத் துளையிலேயே மாட்டியிருக்கும். ஆடும் வயர் கட்டு தகரத்தில் அடித்த இடத்தில் பளபளப்பான தேய்மானம் தெரியும். அப்படிப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் வயரைத் துணி டேப்பால் சுற்றுங்கள். பழைய கிளிப்பை எல்லாம் எடுத்துப் புதியது போடுங்கள். ஸ்பீக்கர் திருகுகளை இறுக்குங்கள்.

கிளிப் உட்காரும் பிளாஸ்டிக் மேடையே பேட்டிலிருந்து பெயர்ந்திருந்தால், ஒட்டும் முன் பின்புறத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். ஏபிஎஸ் என்றிருந்தால் உப்புத்தாளால் சுரண்டி அரால்டைட் போட்டால் பிடிக்கும். பிபி என்றிருந்தால் அரால்டைட் சில நாளில் உரிந்து வந்துவிடும். அதைச் சூட்டால் உருக்கித்தான் சேர்க்க வேண்டும். பம்பர் ஒட்டும் பிளாஸ்டிக் வெல்டிங் கடையில் செய்து தருவார்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் ஃபோம் அல்லது பிளாஸ்டிக் விரிப்பைக் கிழிக்காதீர்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். இ60, இ90 கார்களில் காலடி மேட் நனைவதற்கு இந்த விரிப்பு விட்டுப்போவது ஒரு முக்கியக் காரணம். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் பிடிக்கும் ஆனி, ஆடிக்கு முன்பே ஓரங்களைப் பியூட்டைல் டேப் வைத்து அழுத்தி ஒட்டுங்கள்.

மாட்டும்போது மேல் கொக்கி முதலில். பிறகு ஒவ்வொரு கிளிப்பும் துளைக்கு நேராக இருப்பதைப் பார்த்து, உள்ளங்கையால் தட்டுங்கள். டக் என்று உட்கார வேண்டும்.

படி 6: டேஷ்போர்டும் கிளவ் பாக்ஸும்

முழு டேஷ்போர்டைக் கழற்றுவது தொடக்கக்காரர் வேலையல்ல. ஓரங்களிலேயே பெரும்பாலான சத்தம் நின்றுவிடும். கிளவ் பாக்ஸ் மூடி உட்காரும் ரப்பர் குமிழ்கள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அல்லது அந்த இடத்தில் ஃபெல்ட் ஒட்டுங்கள். பூட்டும் கொக்கியின் உள்பக்கத்தில் ஒரு சுற்றுத் துணி டேப் போதும். மரப் பட்டைகள் கிளிப்பில் நிற்பவை. வெயிலில் காய்ந்த பழைய மரப்பூச்சு வெடிக்கக்கூடியது என்பதால், ஒரே இடத்தில் அழுத்தாமல் நுனியிலிருந்து சிறிது சிறிதாக விடுவியுங்கள்.

டேஷ்போர்டும் முன்கண்ணாடியும் சந்திக்கும் இடைவெளியில் சத்தம் என்றால், கண்ணுக்குத் தெரியாதபடி மெல்லிய ஃபெல்ட் பட்டையை நுழையுங்கள். காற்று வரும் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

படி 7: கூரையும் சன்ரூஃபும்

கூரைத் துணி தொங்குவது துணியின் குற்றமல்ல. துணிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபோம், வருடக்கணக்கான வெயிலிலும் ஈரத்திலும் பொடியாகிவிடுகிறது. கை வைத்தால் மாவாக உதிரும். குண்டூசி குத்துவதும், துணிக்கு மேல் பசை ஊற்றுவதும் கறையைத்தான் தரும். பலகையை இறக்கி, பழைய ஃபோமை முழுவதும் சுரண்டி, ஃபோம் ஒட்டிய புதுத் துணியைச் சூடு தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். இதை நல்ல குஷன் கடைக்காரரிடம் கொடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சன்ரூஃபைத் திறந்து தண்டவாளங்களில் படிந்த மண்ணைத் துடைத்து, கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். மூலைகளில் உள்ள வடிகால் துளைகளில் சிறிது தண்ணீர் விட்டு, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

படி 8: பீடிங், கதவுப் பூட்டு

மலையேறும்போது வரும் கிறீச் பெரும்பாலும் கதவு ரப்பரில்தான் பிறக்கிறது. ஈரத்துணியால் ரப்பரையும், அது படும் பெயிண்ட் பகுதியையும் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு சிலிக்கான் கிரீஸைப் பஞ்சில் தொட்டு, இருப்பதே தெரியாத அளவுக்குத் தேயுங்கள். கதவுக் கொக்கி மாட்டும் இரும்பு வளையத்தையும் துடைத்துத் துளி கிரீஸ் வையுங்கள். பல நேரம் கதவிலிருந்து வரும் டிக்டிக் இதிலேயே அடங்கிவிடும்.

செய்யக் கூடாதவை

- முன்தூண், கூரை ஓரம், ஸ்டியரிங் பகுதிகளில் ஃபோம் அடைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வழி அது.
- முன்தூண் கிளிப்புகள் சிலவற்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். கழற்றினால் புதியது போட்டே ஆக வேண்டும்.
- டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்ப்ரேயை உள்பக்க ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் அடிக்காதீர்கள். சீக்கிரம் காய்ந்துவிடும், தூசியைப் பிடிக்கும்.
- தளர்ந்த திருகுத் துளையில் பெரிய திருகைத் திணிக்காதீர்கள். பின்னால் வயர் இருக்கலாம்.
- ஃபெவிகுவிக் வேண்டாம். அதிர்வில் விட்டுவிடும், சுற்றிலும் வெள்ளைக் கறை படியும்.

படி 9: ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்

ஒரு இடத்தைச் சரிசெய்ததும் அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெரிய சத்தம் ஒன்று நின்றதும், அதுவரை அமுங்கியிருந்த சின்னச் சத்தம் கேட்கத் தொடங்கும். வேலை கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள், அடுத்ததைத் தாளில் எழுதுங்கள். ஒரு விடுமுறை நாளுக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால் கை பழகும், எதுவும் உடையாது.

பிறகு பராமரிப்புதான். வருடத்துக்கு இரண்டு முறை, கோடைக்கு முன்னும் சாரலுக்கு முன்னும், பீடிங்கைத் துடைத்து கிரீஸ் பூசுங்கள். முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள், இல்லையென்றால் முன்கண்ணாடிக்கு ஒரு மறைப்பு வையுங்கள். புதிதாகப் போட்ட கிளிப்புகளின் ஆயுள் வெயிலைப் பொறுத்ததுதான். பாக எண், கழற்றிய வரிசை, எடுத்த போட்டோ எல்லாவற்றையும் ஒரு நோட்டில் சேர்த்து வண்டிப் பேப்பர்களோடு வையுங்கள். அடுத்து இந்தக் காரைத் தொடப்போகும் மெக்கானிக்குக்கும், நாளை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவருக்கும் அது உதவும்.