தெற்குக் கலிஃபோர்னியாவின் வசந்தம்: வீட்டு வாசல் முதல் பாலைவனம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தெற்குக் கலிஃபோர்னியாவில் மழைக்காலம் என்றால் குளிர்காலம்தான். அக்டோபர், நவம்பரில் தொடங்கும் மழை எப்படிப் பெய்கிறதோ, அதைப் பொறுத்தே வசந்தமும் அமையும். நம் ஊர்க் கணக்கில் இளவேனில் சித்திரையில் வரும். இங்கே தாழ்வான பாலைநிலங்களில் மாசியிலேயே பூக்கத் தொடங்கிவிடும்; பங்குனி முடிவதற்குள் பெரும்பாலான பூக்கள் காய்ந்து விதையாகிவிடும். பள்ளியின் வசந்த விடுமுறைக்காகக் காத்திருந்து புறப்படும் குடும்பங்கள் பலவும் வெறும் மணலைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

சான் டியாகோ, இர்வைன், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிகளில் குடியேறி, முதல்முறையாக இந்தப் பருவத்தை அனுபவிக்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. வீட்டில் தொடங்கிப் பாலைவனத்துக்குப் போகிறோம். வாசலில் ஒரு செடியைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் மணலில் விரல்நக அளவில் பூத்திருக்கும் பூவும் தென்படும்.

படி 1: வாசலில் பத்து நிமிடம்

பால்கனியோ கொல்லையோ, ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் காலையில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் ஆன்னாஸ் ஹம்மிங்பேர்டாக இருக்கும். இந்தப் பறவை ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கிறது. ஆண் பறவை உயரே ஏறி, செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும். பாய்ச்சலின் அடியில் கேட்கும் கூர்மையான ஒலி அதன் வால் இறகிலிருந்து வருவது. நள்ளிரவில் விதவிதமான குரல்களில் ஒரு பறவை பாடிக்கொண்டே இருந்தால், அது மாக்கிங்பேர்ட்.

ஹம்மிங்பேர்டுக்குத் தேன் வைக்க நினைத்தால் ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும். சிவப்புச் சாயம் கலக்க வேண்டாம். சில நாட்களுக்கு ஒருமுறை கழுவி, புதிதாக நிரப்புங்கள். கூடு கட்டும் காலம் என்பதால் வசந்தத்தில் புதர்களையும் மரக்கிளைகளையும் வெட்டாமல் விடுங்கள்.

படி 2: இந்த மண்ணின் செடிகளை வையுங்கள்

தொடங்க எளிதானது கலிஃபோர்னியா பாப்பி. 1903 முதல் இதுதான் மாநில மலர். அக்டோபர் அல்லது நவம்பரில், மழைக்கு முன், வெயில் படும் வெற்று மண்ணில் விதையைத் தூவி, லேசாகக் கிளறிவிடுங்கள். ஆழமாகப் புதைக்கக் கூடாது. முளைக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரம் வேண்டாம். இதன் ஆணிவேர் பிடுங்கி நடுவதைத் தாங்காது என்பதால் விதைத்த இடத்திலேயே வளரவிடுங்கள்.

விதைக்கும் பருவம் தப்பிவிட்டால் தொட்டியில் வளர்ந்த கிளீவ்லேண்ட் சேஜ் வாங்கி வைக்கலாம். வாசனையான இலை; ஹம்மிங்பேர்டும் தேனீயும் தேடி வரும். மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு மெல்லிய இலையுள்ள உள்ளூர் எருக்கு வகையான நேரோலீஃப் மில்க்வீட் நல்லது. கடைகளில் அதிகம் கிடைக்கும் டிராபிகல் மில்க்வீடைத் தவிருங்கள். அது குளிர்காலத்திலும் பட்டுப்போகாததால் வண்ணத்துப்பூச்சியைத் தாக்கும் ஒட்டுண்ணி அதிலேயே சேர்ந்துகொண்டே போகும். லாஸ் ஏஞ்சல்ஸின் சன் வேலியில் உள்ள தியடோர் பெய்ன் அறக்கட்டளையின் நர்சரியில் இம்மண்ணுக்குரிய செடிகள் கிடைக்கும்.

படி 3: பாலை ஏன் பூக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாலைவனத்தின் ஓராண்டுச் செடிகள் வறட்சியை விதையாகவே கழிக்கின்றன. அவற்றில் பல விதைகளின் தோலில் முளைப்பதைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. சிறு தூறலில் அது கரையாது. ஒரே மழையில் சுமார் 25 மில்லிமீட்டர் பெய்தால்தான் கழுவிப் போகும். முளைத்த செடி வேர்விட்டுப் பூக்கப் போதிய ஈரம் இருக்கும் என்பதற்கு அந்த மழையே உறுதி. 1940களில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் கலிஃபோர்னியாவின் பாலைவன விதைகளில் செய்த சோதனைகள் இந்தப் புரிதலுக்கு வழிவகுத்தன.

முதல் மழை மட்டும் போதாது. குளிர்காலம் முழுக்க இடைவெளிவிட்டு மழை வேண்டும். திடீர் வெப்பமும் வறண்ட காற்றும் வரக் கூடாது. எல்லாம் கூடிவந்த 2005, 2017, 2019, 2023 ஆண்டுகளில் நிலமே வண்ணமானது. அதைத்தான் சூப்பர் ப்ளூம் என்கிறார்கள். டிசம்பர் முதல் மழை அளவைக் கவனித்து வந்தால் மார்ச் எப்படியிருக்கும் என்று உங்களாலேயே ஊகிக்க முடியும்.

படி 4: இடத்தையும் வாரத்தையும் தேர்ந்தெடுங்கள்

தாழ்வான நிலத்தில் வெப்பம் முதலில் ஏறும். பூவும் முதலில் வரும். பிறகு வசந்தம் மெல்ல மேட்டு நிலங்களுக்கு ஏறிப்போகும். பொதுவான வரிசை இது:

- பிப்ரவரி இறுதி முதல் மார்ச் நடுவரை: அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா.
- மார்ச்: ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தென்பகுதி, காட்டன்வுட் பக்கம்.
- மார்ச் நடு முதல் ஏப்ரல் வரை: லான்காஸ்டர் அருகே ஆன்டிலோப் வேலி பாப்பிச் சரணாலயம். குளிர்ந்த, காற்றடிக்கும் நாளில் பாப்பி இதழை மூடிக்கொள்ளும். வெயில் நாளில் போங்கள்.
- ஏப்ரல், மே: ஜாஷுவா ட்ரீயின் மேட்டுப் பகுதிகள்.

முதல் பயணத்துக்கு அன்சா-பொரேகோதான் என் பரிந்துரை. 6 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த இது, கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா. சான் டியாகோவிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். நடுவில் பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் இருப்பதால் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சிரமமில்லை. போகும் வாரத்தில் எங்கே பூத்திருக்கிறது என்பதைப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் கேளுங்கள். தியடோர் பெய்ன் அறக்கட்டளையும் மார்ச் முதல் மே வரை காட்டுப்பூத் தகவல்களை வாரந்தோறும் சொல்கிறது.

படி 5: மூட்டை கட்டுங்கள்

- தண்ணீர்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்.
- அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, விரல்களை மூடும் காலணி. இரவில் குளிரும், ஸ்வெட்டரும் வேண்டும்.
- ஒரு சீப்பு. சோய்யா என்ற கள்ளியின் துண்டு உரசினாலே ஒட்டிக்கொள்ளும். கையால் இழுக்காமல் சீப்பால் நெம்பி எடுக்க வேண்டும்.
- முன்கூட்டியே இறக்கி வைத்த வரைபடம். பல இடங்களில் போன் சிக்னல் கிடைக்காது. பெட்ரோல் டாங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.
- கட்டுச்சோறு. வெயிலுக்குப் புளியோதரை தாங்கும். தயிர்சாதம் என்றால் ஐஸ் பெட்டி அவசியம்.

படி 6: அன்சா-பொரேகோவில் ஒரு நாள்

விடிந்ததும் ஹென்டர்சன் கேன்யன் சாலைக்குப் போங்கள். நல்ல ஆண்டில் மஞ்சள் டெசர்ட் சன்ஃப்ளவரும் ஊதா சேண்ட் வெர்பீனாவும் அங்கே விரிந்து கிடக்கும். நடுவில் வெள்ளையாக நிற்பது டூன் ஈவ்னிங் பிரிம்ரோஸ். மாலையில் மலர்ந்து, இரவில் ஸ்ஃபிங்க்ஸ் அந்துப்பூச்சிகளை வரவேற்கும் பூ அது. வெயில் ஏற ஏறச் சுருங்கி இளஞ்சிவப்பாகும். அதைப் பார்ப்பதற்காகவாவது அதிகாலையில் எழுந்திருங்கள்.

அந்த அந்துப்பூச்சியின் புழுக்கள் பூச்செடிகளையே மொய்த்துத் தின்னும். அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே வலசை போகும் ஸ்வெயின்சன் பருந்துகள் பொரேகோ பள்ளத்தாக்கில் இறங்கி அந்தப் புழுக்களை உண்ணும். மழை, பூ, புழு, பருந்து என்ற தொடர் முழுவதையும் ஒரே காலையில் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

வெயில் ஏறுமுன் பொரேகோ பாம் கேன்யன் பாதையில் நடங்கள். போய்வர சுமார் 5 கிலோமீட்டர். முடிவில் நீரோடையும் கலிஃபோர்னியாவில் இயற்கையாக வளரும் விசிறிப் பனைகளும் இருக்கின்றன. பாறைகளில் பிக்ஹார்ன் ஆடுகள் தென்படலாம். இளஞ்சூட்டில் பாம்புகள் வெளியே வரும் பருவம் இது; கை, கால் வைக்குமுன் பார்த்து வையுங்கள். மழைக்குறி தெரிந்தால் வறண்ட ஓடைப் படுகைகளை விட்டு உடனே மேடேறுங்கள்.

இரவு தங்குங்கள். பொரேகோ ஸ்பிரிங்ஸ் 2009 முதல் சர்வதேச இருள்வானச் சமூகமாக அங்கீகரிக்கப்பட்ட ஊர். நட்சத்திரங்கள் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

படி 7: பூவுக்கு இடம் விடுங்கள்

2019-இல் லேக் எல்சினோர் அருகே வாக்கர் கேன்யனில் பாப்பி பார்க்கக் குவிந்த கூட்டம் சரிவுகளை மிதித்து நாசமாக்கியது. ஒரு படத்துக்காகப் பூக்களின் நடுவே படுத்தால் அடுத்த ஆண்டின் விதையும் சேர்ந்து நசுங்குகிறது. பாதையிலேயே நில்லுங்கள்; படம் எடுக்கக் கீழே குனிந்தாலே போதும். மாநிலப் பூங்காவில் பூப்பறிப்பது சட்டப்படி குற்றம்.

மழை குறைந்த ஆண்டில்?

அப்போதும் போங்கள். ஒக்கோட்டியோ என்ற முட்செடி ஏறக்குறைய ஒவ்வொரு வசந்தத்திலும், வறண்ட ஆண்டிலும்கூட, நீண்ட கோல்களின் நுனியில் செந்நிறமாகப் பூக்கும். வலசை போகும் ஹம்மிங்பேர்டுகளுக்கு அதுதான் வழித்துணை உணவு. பெரிய பூக்காட்சியைத் தேடி ஓடுபவர்கள் இதைக் கடந்து போய்விடுவார்கள். நீங்கள் நின்று பார்த்து, என்ன தேதியில் எந்த உயரத்தில் என்ன பூத்தது என்று குறித்துவையுங்கள். அந்தக் குறிப்பேட்டை வைத்து வரும் டிசம்பரில் மழையைக் கவனியுங்கள். அதற்கு முன், அக்டோபரில், பாப்பி விதையைத் தூவ மறக்காதீர்கள்.