ஒளியால் அறிந்த மூச்சு

கேம்பிரிட்ஜ் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த டேவிட் கெய்லின், ஒரு நாள் ஈஸ்ட்டை நீரிலிட்டு நன்றாகக் குலுக்கி, அக்கலவையினூடே ஒளியைச் செலுத்தி நிறமாலைகாட்டியால் நோக்கினார். வழக்கமாகத் தோன்றும் நான்கு கரும்பட்டைகளைக் காணவில்லை. குழாயை அப்புறப்படுத்துமுன் அவை திடீரெனத் தோன்றின! மீண்டும் குலுக்கினார், மறைந்தன. சற்று நேரம் விட்டுவைத்தார், திரும்பின.

காரணம் யாது? குலுக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கலக்கிறது. உயிரணுவிலுள்ள ஒரு நிறப்பொருள் அதனால் ஆக்சிகரணம் அடைந்து பட்டைகளை இழக்கிறது. ஈஸ்ட் அவ்வாயுவைச் செலவிட்டு முடித்ததும் பட்டைகள் மீள்கின்றன. ஆகவே அவர் கண்டது உயிரணுவின் மூச்சையே எனலாம். அந்நிறப்பொருளுக்குச் சைட்டோக்குரோம் எனப் பெயரிட்டு, 1925-ஆம் ஆண்டில் அதனை உலகிற்கு அறிவித்தார். உயிருள்ள அந்துப்பூச்சியின் மார்புத் தசையிலும் அதனைக் கண்டார். பூச்சி சிறகசைக்க முயன்று தசை உழைத்தபோது பட்டைகள் தெளிவாகத் தோன்றின. கத்திக்கு அங்கே வேலையில்லை.

பூச்சியின் உடல் மெல்லியது. மனிதனின் தலையோ தடித்த எலும்பால் ஆயது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி அதனுள் நெடுந்தொலைவு செல்லாது. சிவப்பிற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளி மண்டையோட்டையும் ஊடுருவும் என்பதை, 1977-இல் அமெரிக்காவில் பிரான்ஸ் யோப்சிஸ் காட்டினார். குறைமாதத்திற் பிறந்த சிசுவின் மூளைக்குப் பிராணவாயு போதிய அளவு கிட்டுகிறதா என்பதை, நெற்றியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தியே இன்று மருத்துவர் அறிகின்றனர்.